எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி

நீங்கள் நான்கு பேரும் என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறீர்கள். முப்பத்திரண்டு வயதில் அது காதில் இடறுகிறது. அடுத்த மாதம் நான் கல்லூரி வேலைக்குப் போகிறேன் என்றதும், போகிறவனிடம் கேட்டு வைத்துக்கொள்வோம் என்று ஆளுக்கொரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள். என்ன மைக் வாங்கலாம், பழைய படங்களைப் பற்றிய விவரம் எங்கே கிடைக்கும், தொண்டையை எப்படிப் பார்த்துக்கொள்வது. அதெல்லாம் இரண்டு மாதத்தில் தானாக வந்துவிடும். நான்காவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். ‘படத்துக்கு முன்னால் பேசுகிற மூன்று நிமிடத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?’

எனக்கும் முழுதாகத் தெரியாது. தெரியாமல் ஒரு தடவை செய்ததைச் சொல்கிறேன்.

பார்த்தால் நம் வேலை சின்ன வேலை. வெளிநாட்டுப் பழைய படம் ஒன்று, அடியில் தமிழ் எழுத்தோடு, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குப் போகிறது. அதற்கு முன்னால் ஒரு குரல். அவ்வளவுதான். ஆனால் தியேட்டரில் டிக்கெட் எடுத்தவர் பாதியில் எழுந்து போகத் தயங்குவார். வீட்டில் தயக்கமே கிடையாது. குக்கர் விசிலடிக்கும், கொரியர்க்காரர் மணி அடிப்பார், கை தானாக ரிமோட்டுக்குப் போகும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு படத்துக்கு ஒன்பது நிமிடம் பேசி அனுப்பினேன். டைரக்டர் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். ஏறியதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? சென்னை ஆபீஸிலிருந்து நம் ஆசிரியர் போன் செய்தார். அப்போது அவருக்கு என் முகம்கூடத் தெரியாது.

“தம்பி, நான் கல்யாணத்துக்கு வந்திருக்கேன். நீ வாசல்ல நிறுத்தி வச்சு மண்டபம் கட்டின கதையைச் சொல்லிட்டிருக்கே. எப்ப உள்ள விடுவே?”

அன்றைக்கு அவர் ஒரு விதி வைத்தார். அறிமுகத்தில் ‘நான்’ வரக் கூடாது. படத்தைக் காட்டு, உன்னைக் காட்டாதே. நல்ல விதிதான், உங்களுக்கும் அதையே சொல்லியிருப்பார். நல்ல விதிக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளலாம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் இருந்தது சங்கரன்கோவிலில். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. அந்தச் சத்தம் எங்களுக்குச் சத்தமே இல்லை, அது நின்றால்தான் ‘என்ன ஆச்சு’ என்று வெளியே வந்து பார்ப்போம். மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் குரலுக்கு அடியில் ‘கடக் கடக்’ என்று தறி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் என் ஒலிப்பதிவு எல்லாம் வக்கீலம்மா வீட்டில் நடந்தது. வக்கீலாக இருந்த கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியும் அவருடைய அலுவலக அறை அப்படியே இருந்தது. நாலு சுவரிலும் கூரைவரை சட்டப் புத்தகங்கள். கதவைச் சாத்தினால் என் மூச்சே எனக்குக் கேட்கும். அதற்குத் தெருப் பக்கம் தனி வாசல் உண்டு. கட்சிக்காரர்கள் வந்து போன வாசல். நான் அதன் வழியாகத்தான் போவேன், வருவேன்.

அந்த வீட்டில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பது என் அம்மா. பெயர் கோமதி. அப்பா தறியில் இருந்தார், நான் ஒன்பதாவது படிக்கும்போது போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும் நான் படித்ததும் அந்த ஒரு வீட்டு வேலையில்தான். மகன் பெங்களூரில் இருக்க, வக்கீலம்மாவுக்குத் துணை என்று இருந்தவளும் அம்மாதான். அறையை எனக்குக் கேட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

இனி படம். இங்கிலாந்தில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். பெயர் வேண்டாம், சொன்னால் இதை வைத்துவிட்டு அதைப் போட்டுப் பார்க்கப் போய்விடுவீர்கள். கதை இவ்வளவுதான். பெரிய வீடு ஒன்றில் கணவனை இழந்த ஒரு சீமாட்டி. அவளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டவும் கூட இருக்கவும் ஓர் இளம்பெண் வேலைக்கு வருகிறாள். நிலக்கரி வண்டி ஓட்டுகிறவரின் மகள். ஆறே மாதத்தில் அவள் பேச்சு மாறுகிறது, நடை மாறுகிறது, கோப்பையைப் பிடிக்கிற விரல் மாறுகிறது. ஒரு மழை நாளில் அப்பா மகளைப் பார்க்க வந்து முன்வாசல் கதவைத் தட்டுகிறார். அவள்தான் திறக்கிறாள். ‘யாரது?’ என்று மாடியிலிருந்து சீமாட்டி கேட்கிறாள். ‘யாரோ வீடு மாறி வந்துவிட்டார்’ என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள் மகள். ஆனால் கேட்கும்போதே சீமாட்டி மாடி ஜன்னல் வழியாக அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள். முகச்சாடையை வைத்து அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் அதைக் கடைசிவரை கேட்பதில்லை. கேட்காமல் வைத்திருந்தே அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் எடுக்கிறாள். கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. இரண்டு பெண்கள், ஒரு பொய். முடியும்போது நமக்குக் கழுத்து வேர்த்திருக்கும்.

அந்தப் படத்தை நான்கு முறை பார்த்தேன். முதல் முறை வேலைக்காக. மற்ற மூன்று முறை எதற்கு என்று தெரியாமல். கதவு சாத்துகிற இடம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் படம் இணையத்தில் ஏற வேண்டும். செவ்வாய்க்கிழமைவரை ஒரு வரி எழுத வரவில்லை. எழுதினால் எல்லாம் பாடப்புத்தகம்போல இருந்தது. ‘இங்கிலாந்தின் வர்க்கப் பிரிவினை’ என்று ஆரம்பித்தால் எந்த வீட்டில் கை ரிமோட்டுக்குப் போகாது?

செவ்வாய்க்கிழமை மாலை வக்கீலம்மா வீட்டு ஹாலைத் தாண்டி அறைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனபோது நின்றுவிட்டேன். வக்கீலம்மா சோபாவில் இருந்தார். அம்மா அடுக்களை வாசலில் தரையில், நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சீரியலில் யாரோ யாரையோ அறைந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘ஐயோ’ என்றார்கள். பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். புதன்கிழமை பதிவு செய்து அனுப்பினேன். நடுப்பகுதி இது:

‘படம் ஆரம்பிக்கும் முன் உங்கள் ஹாலை ஒரு சுற்றுப் பாருங்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, ஒரு பெரிய வீட்டில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். அந்த வீட்டு அம்மாவோடு சேர்ந்து தினமும் டிவி பார்க்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே சீரியல், ஒரே அழுகை. ஆனால் அவர் உட்காருவது அடுக்களை வாசலில், தரையில். ஒரு கால் ஹாலில், ஒரு கால் அடுக்களையில். அங்கே உட்காரும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே ஒருவருக்குத் தன் இடம் தெரிந்துவிடுகிற வீடுகளைப் பற்றியதுதான் இந்தப் படம்.’

ஆசிரியர் உடனே கூப்பிட்டார். “இத்தனை வருஷத்துல நீ எழுதினதுல இதான் உச்சம். ஒரு வார்த்தை தொடாதே.” நான் தெருவில் இரண்டு தடவை சும்மா நடந்துவிட்டு வந்தேன்.

எழுதியதை முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அரிவாள்மணை நின்றால் தேறியது, ஓடிக்கொண்டே இருந்தால் திரும்ப எழுத வேண்டும். இந்த ஒன்றை மட்டும் வாசித்துக் காட்டவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளே கேட்டாள். “ஏலே மாரி, இந்த வாரம் ஒண்ணும் வாசிக்கலையே? படம் இல்லையா?”

போனில் போட்டுக் காட்டினேன். தறிச் சத்தத்தில் கேட்காது என்று அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். அரிவாள்மணை எப்போதோ நின்றுவிட்டது. முடிந்ததும் போனைத் தரையில் வைத்தாள்.

“யாருலே அந்தப் பொம்பள?”

“வக்கீலம்மா வீடுதான அது?”

“ஆமா.”

“அப்ப நாந்தான்.”

“ஆமாம்மா.”

“நல்லாத்தான் பேசியிருக்கே. கால் ரெண்டையும்கூட விடாமப் பாத்திருக்கே.” ஒரு கத்தரிக்காயை எடுத்தாள், நறுக்காமல் கையில் வைத்திருந்தாள். “எனக்குத் தெரிந்த பெண்மணின்னு சொல்லுதியே, எப்படிலே தெரியும்? பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து வந்தேனா?”

ஆசிரியருடைய விதியைச் சொன்னேன். ‘நான்’ என்று வரக் கூடாது, அம்மா என்றால் ‘நான்’ வந்துவிடும் என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த காரணத்தை எடுத்தேன். “வக்கீலம்மாவுக்குத் தெரிஞ்சா உன் வேலைக்கு ஆபத்து வந்துரும்னுதாம்மா அப்படிச் சொன்னேன்.”

“அவங்க வீட்டு அடுக்களை வாசலு அவங்களுக்குத் தெரியாதாக்கும்? பத்தொம்பது வருசம்னு வேற சொல்லியிருக்கே. மொத வரியிலயே கண்டுபிடிச்சிருவாங்க. கண்டுபிடிக்காதது மெட்ராஸ்காரங்க மட்டுந்தான்.” கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். “அப்ப யாருக்குப் பயந்துலே மறைச்சே?”

நீங்கள் படித்தவர்கள், கேள்விக்குப் பதில் எழுதிப் பழகியவர்கள். எனக்கும் அப்படித்தான் பழக்கம். அன்றைக்குக் கத்தரிக்காய் மிதக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளே சொன்னாள். “போன வருசம் உங்க ஆபீஸ்லேருந்து ரெண்டு பேரு வந்தாங்கல்லா, வயசானவரும் ஒரு பொண்ணும். வக்கீல் ரூம்ல வச்சு டீ கொடுத்தேன். அந்தப் பொண்ணு ‘தேங்க்ஸ்க்கா’ன்னுச்சு. நீ பேப்பரைப் பாத்துக்கிட்டு இருந்தே. சரி, ஏதோ வேலை மும்முரம், மறந்துட்டான்னு நெனச்சேன்.”

மறக்கவில்லை. வந்த பெரியவர் நம் ஆசிரியர்தான். அந்தப் பேப்பரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

நான்கு முறை பார்த்த படத்தில், எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போன இடம் எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவை வாசலில் வைத்துக் கதவைச் சாத்தும் ஒரு பெண்ணைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்ல வந்தவன், அதே மூன்று நிமிடத்துக்குள் அதையே செய்திருக்கிறேன். அதைச் செய்ததற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஆசிரியருக்குப் போன் செய்து அந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. “அதை எடுத்தா மிச்சம் வெறும் விளக்கவுரைப்பா” என்றார். “மாத்தறதுன்னா நாளைக்கு ஆறு மணிக்குள்ள முழுசாப் பேசி அனுப்பு. இல்லைன்னா இதுதான் ஏறும்.”

போனை வைத்ததும் அம்மா சொன்னாள். “வெட்டச் சொல்லி நான் சொல்லலையே.”

“பின்ன என்னம்மா செய்யணும்?”

“படிச்சவன் நீ. நீ சொல்லு.”

வெள்ளிக்கிழமை காலையில் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. எப்படிப் பேசினாலும் அது அந்த வீட்டில் உட்கார்ந்து அந்த வீட்டைப் பற்றிப் பேசுவது. முதலில் அங்கே சொல்ல வேண்டும். அம்மா வழக்கம்போலப் பின் சந்து வழியாகப் போனாள். நான் வக்கீல் அறை வாசல் வழியாகப் போனேன். ஹாலில் போய்ச் சேர்ந்து நின்றோம். இந்த இடத்தை எழுத அவர்கள் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன்.

வக்கீலம்மா பேப்பரை மடித்தார். “என்ன, தாயும் புள்ளையும் ஜோடியா வந்து நிக்கீங்க? பொண்ணு கிண்ணு பாத்தாச்சா?”

நான் பேசியதைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“என் வீடுதான இது?”

“ஆமாம்மா.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “கோமதி, நான் ஒருநாளாவது உன்னைக் கீழ உக்காருன்னு சொல்லியிருக்கனா?”

“இல்லம்மா.”

“பொறவு என்னத்துக்கு இவன் இப்படிப் பேசுதான்?”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை ஈரமாகவே இல்லை. “மேல உக்காருன்னும் சொன்னதில்லையேம்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. பால்காரர் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

“இதுல உங்க பேரு இல்லம்மா, ஊருப் பேரும் இல்ல” என்றேன். இருந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். “ஆனா ‘ஒரு பெண்மணி’ங்கிறதை மாத்தி ‘என் அம்மா’ன்னு சொல்லப் போறேன்.”

“நல்லா இருக்கே! இது அதைவிட மோசம். நீ யாரு மவன், உங்கம்மா எந்த வீட்டுல வேலை பாக்குதா, இதெல்லாம் தெரியாதவன் எவன் இருக்கான் இந்த ஊருல? நாளைக்குக் கோயிலுக்குப் போனா நாலு பேரு என்னையத் திரும்பிப் பாப்பாங்க.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குரலைத் தணித்தார். “தம்பி, சண்டைக்குச் சொல்லல. பேசாம அந்த இடத்தை வெட்டிரு. உனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. அவ இன்னைக்கு நேத்தா இந்த வீட்டுல இருக்கா?”

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அவர் மிரட்டவில்லை, பயந்திருந்தார். ஆனால் வெட்டாவிட்டால் அம்மாவின் வேலை இருக்காது என்பதும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். ஏதாவது ஜாடை காட்டுவாள் என்று பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் எனக்காக எல்லாம் கேட்டு வாங்கிக் கொடுத்தவள், இதை மட்டும் கேட்டு வாங்கித் தரப்போவதில்லை என்று தெரிந்தது.

“வெட்டலம்மா” என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

வந்திருந்தது. வக்கீலம்மா எழுந்து நின்றார். “அப்ப இந்த ரூம்ல வச்சுப் பேசாதே. உன் வாயை நான் மூட முடியாது. ஆனா என் வீட்டுக்குள்ள வச்சு வேண்டாம்.” அம்மாவிடம் திரும்பினார். “நீயும் போ கோமதி. எனக்கு ஒரு மாதிரி இருக்கு.”

“சாயந்தரம் வரட்டாம்மா?”

“சொல்லி விடுதேன்.”

வீட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். இனி வராதே என்பதை முகம் கோணாமல் சொல்ல அதைத்தான் சொல்வார்கள்.

தெருவுக்கு வந்தபோது மணி பத்தரை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அம்மா கையை வீசினாள். “அதெல்லாம் பொறவு. எங்கன போயிப் பேசப் போற, அதைப் பாரு.”

சத்தமில்லாத ஓரிடம். மூன்று நிமிடம் போதும். சங்கரன்கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமையில் அதைத் தேடிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். ஜன்னலுக்கு நேர் கீழே ஹாரன். தெரிந்த பள்ளிக்கூடம் ஒன்றில் மைதானத்தில் கபடி. ஒரு நண்பனுடைய கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன், அவன் நிறுத்தியிருந்த தெருவில் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்தது. ஒரு மணி. ஒன்றரை. சாப்பிடவில்லை. பேசாமல் பழையதே ஏறட்டும், யாருக்கு என்ன தெரியப் போகிறது என்று ஒவ்வொரு கதவிலும் தோன்றியது. தோன்றவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு மணிக்குக் கலீல் ஞாபகம் வந்தான். என்னோடு கல்லூரியில் படித்தவன், புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிறான். காலை ஏலம் முடிந்துவிட்டால் பின்னாலிருக்கும் குடோனில் மூட்டைகள் மட்டும்தான். அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் வருகிறேன் என்றாள், ஏன் என்று கேட்கவில்லை.

“ஏசி ரூம்ல உக்காந்து இங்கிலீஷ் படம் பேசுதவன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்லே” என்றான் கலீல். “மூட்டை இடுக்குல வந்து நிக்கியே. வாங்கம்மா, சாப்பிட்டீங்களா? இவன் எங்க வாங்கிக் கொடுத்திருக்கப் போறான்!” அவனே வெளியே போய்க் கதவடியில் நின்றுகொண்டான். “ஏ, மூட்டையை மெதுவா எறக்குங்கவே! உள்ள ரெக்கார்டிங் நடக்கு!” என்று அவன் போட்ட சத்தம்தான் என் முதல் பதிவில் விழுந்தது.

சாக்கு மூட்டைகள் கூரைவரை. சத்தத்தை அப்படியே குடித்துவிடுகின்றன. எலுமிச்சைக் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. அம்மா காலிச் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ‘என் அம்மா, ஒரு பெரிய வீட்டில்’ என்று ஆரம்பித்தேன். குரல் எங்கேயோ போனது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. ‘எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி’ என்று ஒரே மூச்சில் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருந்தேன்!

“பள்ளிக்கூடத்துல ஒப்பிக்க மாதிரி ஒப்பிக்காதலே” என்றாள் அம்மா. “மூக்கைச் சிந்திட்டுப் பேசு.”

ஏழாவது தடவை சரியாக வந்தது. குடோனுக்குள் சிக்னல் இல்லை. ரோட்டுக்கு ஓடி வந்து ஐந்து இருபத்தைந்துக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் கூப்பிட்டார்.

“‘நான்’ வந்துடுச்சேப்பா.”

“வந்துருச்சு சார்.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“பக்கத்துலதான் நிக்காங்க.”

“போனைக் கொடு.”

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா சொன்னதுதான் கேட்டது. “ஆமா சார்... சம்மதந்தான்... ஆமா, அன்னைக்கு டீ நாந்தான் கொண்டாந்து வச்சேன்... சீனி கூடிப் போச்சுன்னு அப்பமே நெனச்சேன் சார்.”

ஆறு மணிக்குப் படம் ஏறியது.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். ‘நான்’ வேண்டாம் என்ற விதியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு படத்துக்கு அது சரி. ‘ஒரு நண்பர்’, ‘ஒரு பெரியவர்’, ‘எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி’ என்று கை தானாக எழுதும்போது மட்டும் நிறுத்துங்கள். அவரைக் காப்பாற்ற மறைக்கிறோமா, நம்மைக் காப்பாற்றவா? பதில் தெரிந்த பிறகும் அவரிடம் போய்க் கேளுங்கள். பதிவு செய்து அனுப்புவதற்கு முன்னால் கேளுங்கள். நான் ஒரு நாள் தாமதமாகக் கேட்டேன். அந்த ஒரு நாளுக்கு என்ன விலை என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

சனிக்கிழமை வக்கீலம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அம்மா எங்கள் ஒற்றை அறை வீட்டைக் கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழுவினாள். பத்தொன்பது வருடமாகக் காலை ஆறரைக்குக் கிளம்பிப் பழகிய கால், ஆறரைக்கு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. நல்ல அறிமுகம் என்று எங்கெங்கிருந்தோ செய்தி வந்துகொண்டே இருந்தது. போன் அதிரும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்து பார்ப்பாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவள் போன் அடித்தது. எடுத்தாள். “சரிம்மா” என்றாள். தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தெரு முனைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். மதியம் வருவாள் என்று பார்த்தேன், வரவில்லை. வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான நடையில் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், உட்கார்ந்து காலை நீட்டினாள்.

“என்னம்மா ஆச்சு?”

“என்ன ஆவும்? மூணு நாள் பாத்திரம் மலை மாதிரி கெடந்துச்சு. தேச்சேன்.”

“படத்தைப் பாத்தாங்களாமா?”

“பாத்தாங்க.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாங்க. நானும் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, சிரிப்பில்லை.

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள. அதையும் கொண்டு போயி ஊருக்குச் சொல்லப் போறியாக்கும்?”

நான் அதற்குமேல் கேட்கவில்லை.